மூன்று ஞாயிறு வராதவரைத் தேடிப் போவது யார்? – எங்கள் சபைக்கு ஏற்ற சீஷத்துவ முறை

போன வருடம் திருகோணமலையிலுள்ள எங்கள் மெதடிஸ்த சபையில் 5 பேர் பூரண அங்கத்துவ வகுப்பை முடித்தார்கள். 12 கிழமை நடந்த வகுப்பு. போதகர் ஒரு நாளும் தவறவிடவில்லை. முடிவில் ஆராதனையிலே அவர்களை முன்னால் நிறுத்தி, ஜெபித்து, ஆளுக்கொரு வேதாகமம் கொடுத்து வரவேற்றோம். அவர்களில் ஒருவர் திருக்கடலூரைச் சேர்ந்த கடற்றொழிலாளி. முப்பது வயது இருக்காது. நாலு மாதம் கழித்து அவரை மீன் சந்தையில் கண்டேன். "என்ன தம்பி, சேர்ச் பக்கம் காணேல்லயே?" என்று கேட்டேன். கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இண்டைக்குத்தான் தெரிஞ்சதோ டீச்சர்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு சீஷத்துவத்துக்கு எந்த முறையைக் கைக்கொள்வது என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது. ஒருவர் கொழும்பிலுள்ள பெரிய சபை ஒன்றில் பார்த்ததைச் சொன்னார். இன்னொருவர் கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பாடத்திட்டத்தைக் கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் விட்டார்கள். வாசித்தேன், எங்கள் சபையின் பழைய ஆட்களிடமும் விசாரித்தேன். சந்தையில் கேட்ட அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன்: இந்த முறையில் ஒருவர் மூன்று ஞாயிறு வராவிட்டால், அதை முதலில் கவனிப்பது யார்? அவர் வீட்டுப் படலையைத் தட்டப் போவது யார்?

சீஷன் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. குருவின் வீட்டிலேயே இருந்து, அவர் நடப்பதையும் உண்பதையும் கோபம் கொள்வதையும் பார்த்துக் கற்றவனைத்தான் நம் முன்னோர் சீடன் என்றார்கள். மாற்கு 3:14 இயேசு பன்னிருவரை ஏற்படுத்தியதைச் சொல்லும்போது, அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் வைக்கிறது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அடுத்தபடி. எந்த முறையையும் எடைபோட இந்த வரிசை எனக்குப் போதுமாயிருந்தது.

எங்கள் சபை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவு அதில்தான் தங்கியிருக்கிறது. ஏறக்குறைய 60 குடும்பங்கள். உவர்மலையில் அரசாங்க உத்தியோகத்தர்கள், ஓய்வு பெற்றவர்கள். திருக்கடலூரில் கடலை நம்பியவர்கள். பாலையூற்றில் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள். சீனக்குடாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சிலர். தாயோ தகப்பனோ கட்டாரில் இருக்கும் வீடுகள் பல. சைவக் குடும்பத்திலிருந்து தனியாளாக வந்து விசுவாசித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் ஜெபிக்க ஒரு மூலைகூட இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையிலும் ரியூஷன். போதகர் ஒருவர்தான், அவரும் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார்.

முதலில் வகுப்பு முறை. பாடப் புத்தகம், ஒரு ஆசிரியர், முடிவுத் திகதி. நான் 31 வருடம் பாடசாலையில் கற்பித்தவள், வகுப்பின் அருமை எனக்குத் தெரியும். திரித்துவம் என்றால் என்ன, ஞானஸ்நானம் ஏன், திருவிருந்தில் நடப்பது என்ன என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க வகுப்பைப் போல் வேறொன்று இல்லை. சைவக் குடும்பத்திலிருந்து வரும் ஒருவருக்கு இது கட்டாயம் வேண்டும். அவரிடம் மாமியும் சித்தப்பாவும் கேட்கும் கேள்விகள் கடினமானவை.

ஆனால் வகுப்பை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை இந்தத் தீவு ஒருமுறை பார்த்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கலியாணப் பதிவும் காணி உரிமைக்கான ஆதாரமும் தோம்பு என்ற பதிவேட்டில் கிடந்தன. அந்தத் தோம்பை வைத்திருந்தவர் பாடசாலை உபாத்தியாயர். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை மனப்பாடமாக ஒப்புவித்தவர் கிறிஸ்தவராகப் பதியப்பட்டார். எண்ணிக்கை பெரிதாக இருந்தது. 1795 இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள், பிறகு கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. கட்டாயம் நீங்கிய சில ஆண்டுகளிலேயே அந்த எண்ணிக்கை சரிந்து விழுந்தது. கோட்டை வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த உபாத்தியாயர்கள் சோம்பேறிகள் அல்ல. கற்பித்தார்கள், பிள்ளைகளும் கற்றார்கள். ஒப்புவித்த பிறகு அவர்களோடு நடக்க ஆள் இருக்கவில்லை.

நம் காலத்திலும் இதே பாடம் வேறொரு திசையிலிருந்து வந்தது. சிக்காகோவுக்கு அருகிலுள்ள வில்லோ கிரீக் என்ற மிகப் பெரிய சபை, தன் நிகழ்ச்சிகளைப் பற்றித் தானே ஆய்வு செய்து 2007 இல் வெளியிட்டது. நிகழ்ச்சிகளில் அதிகம் கலந்துகொள்வதால் மட்டும் ஒருவர் தேவனிடமும் அயலவரிடமும் அன்பில் வளர்ந்துவிடுவதில்லை என்பது அவர்களுக்கே தெரியவந்தது. அதை மறைக்காமல் சொன்னதற்காக அவர்களை மதிக்கிறேன். அவ்வளவு பணமும் ஆட்பலமும் உள்ள சபைக்கே நிகழ்ச்சி போதவில்லை என்றால், பழுதான ஒரு புரொஜெக்டரை வைத்துக்கொண்டு நாங்கள் அதே வழியில் ஓடுவது ஏன்?

அல்பா பாடநெறியைக் கேட்டவர்கள் உண்டு. 1977 இல் லண்டனிலுள்ள ஹோலி ட்ரினிட்டி பிரம்ப்டன் ஆலயத்தில் புதிய விசுவாசிகளுக்காகத் தொடங்கியது, 1990 இல் நிக்கி கம்பல் பொறுப்பேற்ற பிறகு சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கான அழைப்பாக மாறியது. அதன் உயிர் சாப்பாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: முதலில் எல்லோரும் சேர்ந்து உண்பது, பிறகு ஒரு பேச்சு, பிறகு சிறு வட்டமாக இருந்து எந்தக் கேள்வியையும் கேட்பது. நம் ஊரில் செலவைப் பார்த்து முதலில் வெட்டுவதும் அந்தச் சாப்பாட்டைத்தான். வெட்டினால் மிஞ்சுவது இன்னொரு பிரசங்கம். புதிதாக வருகிறவர்களுக்கு வருடத்தில் ஒருமுறை இதை நடத்தலாம், இடியப்பமும் சொதியும் சம்பலும் போதும். ஆனால் ஏற்கெனவே வந்தவரை நடத்திச் செல்லும் வழியாக இதை எடுக்க முடியாது. அது அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல.

ஒருவருக்கு ஒருவர் என்ற முறைதான் என் மனதை அதிகம் இழுத்தது. முதிர்ந்த விசுவாசி ஒருவர் இளையவர் ஒருவரை வாரந்தோறும் சந்தித்து, சேர்ந்து வேதம் வாசித்து, சேர்ந்து ஜெபிப்பது. 1930களில் டாசன் ட்ராட்மன் அமெரிக்கக் கடற்படையாட்களிடையே இப்படித் தொடங்கிய வேலையிலிருந்துதான் நேவிகேட்டர்ஸ் இயக்கம் பிறந்தது. கடற்படைத் துறைமுகத்தைப் பார்த்தபடி வாழும் நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமில்லை: கப்பலில் ஒருவன், அவனிடமிருந்து இன்னொருவன். 2 தீமோத்தேயு 2:2 இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று நாலு தலைமுறை ஒரே வசனத்தில் நிற்கிறது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு தெளிவாக விளக்கியதும் இப்படித்தான். மூன்று ஞாயிறு வராதவரைத் தேடுவது யார் என்ற கேள்விக்கு இந்த முறையில் பதில் உடனே இருக்கிறது. முதல் ஞாயிறே தெரிந்துவிடும்.

கட்டாரில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு வழியே தெரியவில்லை. அங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை. ஓய்வும் அன்றுதான். எங்கள் சபையின் ஒரு அம்மா ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் வட்ஸ்அப்பில் ஒரு மகளோடு அரை மணி நேரம் பேசுகிறார். மகள் என்றால் அவர் பெற்ற மகள் அல்ல. வீட்டு வேலைக்குப் போயிருக்கும் ஒரு பெண். சங்கீதம் ஒன்றை வாசிப்பார்கள், இருவரும் அழுவார்கள், ஜெபிப்பார்கள். இதை எந்தக் குழுவும் சொல்லிச் செய்யவில்லை. மூன்று வருடமாக நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இந்த விசாரணையின்போதுதான்.

அப்படியானால் ஏன் இதையே முழுச் சபைக்கும் எடுக்கக் கூடாது? இரண்டு காரணம். ஒன்று ஆள் கணக்கு. இப்படி ஒருவரை வழிநடத்தக்கூடியவர்கள் என்று நாங்கள் மனசாட்சியோடு எழுதிய பட்டியலில் 9 பேர்தான் இருந்தார்கள். மற்றது பயம், அதை மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடிய கதவுக்குள் ஒருவர் மற்றவருடைய ஆத்துமாவுக்குப் பொறுப்பாக இருக்கும்போது, ஆலோசனை மெல்லக் கட்டளையாகிவிடலாம். 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஐந்து போதகர்களைச் சுற்றி வளர்ந்த "மேய்ப்பு" இயக்கத்தில் இதுதான் நடந்தது. யாரைக் கலியாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது என்பதற்கும் மேய்ப்பரின் அனுமதி தேவைப்பட்டது. அந்த ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபர்ட் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நம் சமூகத்தில் மூத்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லும் பழக்கம் குறைவு, ஆகவே நாம் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சந்திப்பு விறாந்தையில் அல்லது ஆலயத் திண்ணையில். காசு கொடுக்கல் வாங்கல் இல்லை. கலியாணம், வேலை, காணி பற்றிய முடிவில் உத்தரவு இல்லை. இவற்றை எழுதி வைக்காமல் தொடங்கக் கூடாது.

இனிச் சிறு குழு. இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் புதியது என்று நினைத்து மற்றவர்களிடம் கடன் கேட்கும் பொருள் நம் சொந்தப் பெட்டகத்திலேயே இருக்கிறது.

1742 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் கூடியது ஒரு கடனைப் பற்றிப் பேச. கட்டிய மண்டபத்துக்குக் காசு கட்ட வேண்டும். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோராலும் அது முடியாதே என்று மறுப்பு வந்தது. பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், நான் ஒவ்வொரு கிழமையும் போய் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவருடையதை நானே போடுகிறேன் என்றார் அந்த மனிதர், ஃபோய் என்ற கப்பல் தலைவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் கண்டது வேறு: ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் நோயாளிக்குப் பக்கத்தில் ஆளில்லை. வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இவ்வளவு நாளாகத் தேடியது இதுதான் என்று அவருக்குப் புரிந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் மெதடிஸ்த வகுப்புக் கூட்டம். பெயர் வகுப்பு, ஆனால் பாடம் நடத்தும் இடமல்ல. ஏறக்குறைய 12 பேர், ஒரு தலைவர், வாரந்தோறும் ஒரு கேள்வி: உன் ஆத்துமா எப்படி இருக்கிறது? காசு வாங்கப் போய் ஆளைக் கண்டார்கள். 1814 இல் காலியில் வந்திறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பிரிந்து போன முதல் மெதடிஸ்த மிஷனரிமார் இந்த ஒழுங்கில் வளர்ந்தவர்கள்.

19 ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அந்தக் கூட்டம் பல இடங்களில் வெறும் வழக்கமாக வற்றிப்போனதையும் மறைக்கக் கூடாது. அதே சாட்சியை அதே சொற்களில் சொன்னார்கள், தலைவர் சிறு பிரசங்கம் செய்தார், மற்றவர்கள் கேட்டார்கள். எங்கள் சபையில் இப்போதுள்ள வீட்டுக்கூட்டங்களும் அப்படித்தான்: மூன்று பாட்டு, நீண்ட ஜெபம், முக்கால் மணி நேரச் செய்தி, தேத்தண்ணி. யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சந்தையில் கண்ட தம்பியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மாதந்தோறும் ஒரு கூட்டம் நடக்கிறது. அங்கேயும் அவரை யாரும் தேடவில்லை. ஆகவே குழு வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும் கடந்த சில வருடங்களில் எங்களைத் தாங்கியது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். 2019 ஏப்ரல் 21 குண்டுகள், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தது; அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் ஆலயத்துக்குப் போகவே நெஞ்சு நடுங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 இல் பெற்றோல் வரிசை, ஓட்டோ இல்லை, பஸ் இல்லை. மூன்று முறையும் பெரிய கூட்டம் நின்றுபோனது. ஊரடங்கில் தொலைபேசியிலும், மற்ற நேரங்களில் நடந்து போகும் தூரத்திலும், உவர்மலையில் நாலு வீடு ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தது. ஒரு பயறு பைக்கற்றையும் பகிர்ந்தது. எங்களிடம் ஏதோ ஒரு முறை இருந்தது என்றால் அது அதுதான், பெயர் வைக்காமல் இருந்தது.

குழுவை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தபோது, மேசையைச் சுற்றி ஆண்களின் பெயர்களே வந்தன. தென் கொரியாவில் சோ யொங்கி 1960களில் வேலைப்பளுவால் விழுந்து, சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரிக்க நினைத்தபோது, அதை எடுத்து நடத்தியவர்கள் பெண்கள். அன்று அங்கேயும் அது வழக்கத்துக்கு மாறானதுதான். எங்கள் சபையில் யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருடைய கணவரிடமிருந்து காசு வரவில்லை என்பது பெண்களுக்குத்தான் தெரியும். குழுத் தலைமையில் பாதியாவது அவர்களிடம் இருக்க வேண்டும் என்று செயற்குழுவில் சொன்னேன். அது மட்டும் விவாதமில்லாமல் ஏற்கப்படவில்லை, ஆனால் ஏற்கப்பட்டது.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. போர் எங்களுக்கு வாயை மூடக் கற்றுக்கொடுத்தது. யாரிடம் எதைச் சொன்னால் எங்கே போய்ச் சேரும் என்று பயந்து வாழ்ந்த தலைமுறை நாங்கள். காணாமல் போன மகனின் படத்தை அலுமாரிக்குள் வைத்திருக்கும் தாயிடம், குழுவில் முதல் நாளே "மனதைத் திறந்து பேசுங்கள்" என்று சொல்வது கொடுமை. குழுவில் கேட்டது படலையைத் தாண்டாது என்ற நம்பிக்கை வர மாதங்கள் ஆகும். அதுவரை மௌனமாக இருக்கிறவரை மௌனமாகவே இருக்க விட வேண்டும். அவருக்கு ஒரு பெண் துணை தனியாகக் கிடைப்பது இன்னும் நல்லது. அயல் வீட்டார் சைவர்களும் முஸ்லிம்களும் என்பதால் ஒலிபெருக்கி வேண்டாம், வாசலை அடைத்துச் செருப்புக் குவியலும் வேண்டாம். எட்டுப் பேர் பேசிக்கொண்டிருப்பது யாரையும் நெருடாது.

பெருகும் குழுக்கள், 12 பேர் 144 ஆக வேண்டும் என்று கொலம்பியாவின் பொகோட்டா நகரச் சபை ஒன்றில் தொடங்கிய முறை ஆகியவற்றையும் ஒருவர் முன்வைத்தார். எண்ணிக்கை இலக்கு வந்தால் பலவீனமானவர் சுமையாகத் தெரியத் தொடங்குவார். அத்தோடு, இந்த ஊரில் ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் அதன் விலையைக் கொடுப்பது சைவக் குடும்பத்திலிருந்து வந்த அந்தத் தனியாட்கள்தான். இதை நான் விரும்பவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இயக்கங்களின் வேதவாசிப்பில் உள்ள ஒரு நல்ல வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: வாசித்த பகுதியிலிருந்து இந்தக் கிழமை நான் செய்யப்போவது என்ன என்று ஒவ்வொருவரும் சொல்வது, அடுத்த கிழமை அதைக் கேட்பது.

குடும்ப ஜெபம் பற்றி நீட்டத் தேவையில்லை. உபாகமம் 6 சொல்வது அதைத்தான். மார்ட்டின் லூத்தர் 1529 இல் சிறு ஞானோபதேசத்தை எழுதியதும் வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான். அது நடக்கும் வீடுகளில் பிள்ளைகள் வேறுவிதமாக வளர்கிறார்கள் என்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஆனால் தாய் கட்டாரில், தகப்பன் கடலில், பிள்ளைகள் அம்மம்மாவோடு என்றிருக்கும் வீட்டுக்கு இதை முதல் வழியாகச் சொன்னால், ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவரின் தலையில் இன்னொன்றை ஏற்றுகிறோம். அந்த அம்மம்மாவைக் குழுவுக்குக் கூட்டிவந்தால், வீட்டு ஜெபம் தானாகத் தொடங்க வாய்ப்புண்டு.

காலத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதி. திருக்கடலூர் ஆண்கள் இரவில் கடலில் இருப்பார்கள், பகலில் உறங்குவார்கள். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அப்போது கரையில் இருப்பார்கள். போன வருட வகுப்பைச் சித்திரையில் தொடங்கி ஆனியில் முடித்தோம். அந்தத் தம்பி இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுத் தூங்காமல் வந்து 12 கிழமையும் இருந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நான் எழுதிக் கொடுத்த முடிவு இது. மூன்று இடங்களில் சிறு குழு: உவர்மலை, பாலையூற்று, திருக்கடலூர். வாரந்தோறும், எட்டுப் பேருக்குள், செய்தி கிடையாது. ஒரு சுவிசேஷப் பகுதி, வெஸ்லியின் அந்தக் கேள்வி, ஜெபம். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் விரும்புகிறவர்கள் மட்டும் இருவர் இருவராக, எழுதிய ஒழுங்கோடு. அங்கத்துவ வகுப்பு தொடரும், ஆனால் குழுவில் ஆறு மாதம் இருந்த பிறகு, 12 கிழமைக்குப் பதிலாக 6 கிழமை, வாடைக் காலத்தில். சீனக்குடாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே ஒரு குழு, ஏனென்றால் இன்னொரு நாள் பஸ் காசு அவர்களுக்குக் கட்டாது. போதகர் எந்தக் குழுவையும் நடத்த மாட்டார். மாதம் ஒருமுறை தலைவர்களைக் கூட்டி அவர்களிடம் அதே கேள்வியைக் கேட்பார். அவர் மாற்றலாகிப் போனாலும் புதன்கிழமை குழு நடக்க வேண்டும்.

இந்த ஒழுங்கில் குறை உண்டு. பாலையூற்றுக்குத் தலைவராகச் சரியான ஆள் இன்னும் கிடைக்கவில்லை. உவர்மலைக் குழுவில் எல்லோரும் படித்தவர்கள், பேச்சு நீளும், ஆத்துமாவைக் கேட்டால் அரசியல் வரும். வேத அறிவு வகுப்பில் கிடைப்பது போல ஒழுங்காகக் கிடைக்காது, அதற்குப் போதகரின் ஞாயிறு பிரசங்கம்தான் கொஞ்சம் ஈடு செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதென்று செயற்குழு எழுதி வைத்திருக்கிறது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கொப்பி வாங்கினோம். வந்தவர் பெயர் எழுத வேண்டாம் என்றேன். வராதவர் பெயரும், அவரை யார் எப்போது போய்ப் பார்த்தார் என்பதும் மட்டும் எழுதினால் போதும். திருக்கடலூர்க் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தத் தம்பியின் பெயரை நானே எழுதினேன். நேற்றுப் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் கடலில் இருந்தார், மனைவி தேத்தண்ணி தந்தார். வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எழும்புவாராம். அந்த நேரத்துக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.